தம்பிக்காக நிறுத்திய பழைய வாசல்

அக்காவுக்குத் தம்பி வைத்த பெயர் அவசரக்குடுக்கை. பொருத்தமான பெயர்தான். கணினிக்கு இயங்குதளம் எழுதுவது அவள் வேலை. எழுதி முடித்த கையோடு முதலில் வீட்டில் போட்டுப் பார்ப்பாள். இந்த முறை கைவைத்தது தம்பியின் கணினியில்.

தம்பிக்கு உடம்பில் எதுவும் அசையாது, கண்ணிமைகூட. கன்னத்தில் ஒரு துடிப்பு மட்டும் மிச்சம். நம் கண்ணுக்குத் தெரியாது, ஒட்டிவைத்த கருவிக்குத்தான் தெரியும். அதைக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பொறுக்குவான், ஒரு நிரல் குரலாகச் சொல்லும். நிரலைச் செய்த கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. அந்த ஒரு கணினியைத் தவிர வேறெதிலும் அது ஓடாது.

ஒவ்வொரு கோப்புக்கும் இயங்குதளம் ஓர் எண் கொடுக்கும். எண்கள் தீரப்போகின்றன என்று, எண்ணுக்கான நான்கு பைட் இடத்தை எட்டாக அகலப்படுத்தினாள். எல்லா நிரல்களையும் அவற்றின் மூலவரிகளிலிருந்து புது அளவுக்கு மறுபடி கம்பைல் செய்து, அதாவது புதிதாக உருவாக்கி, சோதித்தாள். எல்லாம் ஓடின, ஓடாமல் என்ன செய்யும்? மூலவரிகள் கையில் இல்லாததால் அப்படிச் செய்ய வழியில்லாத பழைய நிரல் ஒன்றைக்கூட அவள் ஓட்டிப் பார்க்கவில்லை. தம்பியின் நிரல் கோப்பின் பெயரை, நான்கு பைட் எண்ணுக்கு அடுத்திருந்த பழைய இடத்தில் தேடியது. அங்கே அகன்ற எண்ணின் மறுபாதி உட்கார்ந்திருந்தது. தம்பி ஊமையானான். வட்டும் புது வடிவத்துக்கு மாறிவிட்டதால் பழைய இயங்குதளத்தைத் திரும்பப் போடவும் முடியாது.

அன்று பார்த்து மருத்துவர் வந்தார். "மூச்சு ரொம்ப இறங்குது. தொண்டைல துளை போட்டுக் குழாய் வைக்கணும். அவர் சம்மதிக்கணும். அவரால சொல்ல முடியலன்னா நீங்க கையெழுத்துப் போடுங்க. சாயங்காலம் வரேன்."

அம்மா பேனாவை நீட்டினாள். "போட்டுடு. அவன் உயிரோட இருந்தாப் போதும்."

அக்காவுக்கும் அதே ஆசைதான். கணினி ஊமையாகவே இருந்தால் தானே கையெழுத்துப் போட்டுவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள்? அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. "அவன் வாய அடைச்சதே நான்தான்மா," என்று சொல்லிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள்.

நிரல்கள் இயங்குதளத்திடம் விவரம் கேட்டு வரும் பழைய வாசலையே இடித்து அகலமாக்கியதுதான் தப்பு. புது நிரல்களுக்குத் தனி வாசல் திறந்தாள். பழையதைப் பழைய அளவிலேயே மறுபடி நிறுத்தி, அதன் வழியாக வரும் நிரல்களுக்கு விவரங்களைப் பழைய வரிசையில் அடுக்கிக் கொடுக்கச் செய்தாள். இரண்டு முறை கணினி எழவே இல்லை. அழுதுகொண்டே திருத்தினாள்.

மருத்துவர் திரும்பி வந்தபோது கணினி கரகரத்தது.

"அவசரக்குடுக்கை."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மருத்துவர் குனிந்து தம்பியிடம் குழாயைப் பற்றிக் கேட்டார். பதில் வர வெகுநேரம் ஆயிற்று.

"குழாய் வேண்டாம்."

அம்மா தம்பியைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தாள்.

"இதுக்கா சரி பண்ணின?"