வெள்ளிக்கிழமை தவறாதவள்

என் மனைவிக்குச் சனிக்கிழமையே அரிப்பு ஆரம்பித்துவிடும். முந்தின நாள் காலையில்தான் வலைப்பதிவில் ஒன்றை எழுதிப் போட்டிருப்பாள். அடுத்த வெள்ளிக்கு என்ன எழுதுவது என்று குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றிவருவாள். பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் நின்று ஊரார் மூக்குக்கு ஏற்ற பிரேம் தேடிக் கொடுக்கிறவள், வீட்டுக்கு வந்தாவது உட்கார வேண்டாமா? மாட்டாள். திரைச்சீலை மாற்றினால் பதிவு. அலமாரிக்கு நீலச் சாயம் அடித்தால் பதிவு. நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, போர்வையை எப்படித் துவைப்பது என்று ஒரு பதிவு வந்தது. இப்படியே வருஷக்கணக்காக, ஒரு வெள்ளி தவறாமல்.

எங்கள் வீட்டில் படம் எடுக்க லாயக்கான இடம் ஜன்னலோர மூலை ஒன்றுதான். மற்ற குப்பையெல்லாம் கேமராவுக்குப் பின்னால் நிற்கும், என்னையும் சேர்த்து. காபி போட்டால்கூடப் படம் எடுத்து முடியும்வரை நான் தொடக் கூடாது. ஆறின காபி குடித்தே எனக்கு வயசாகிவிட்டது.

வேறு ஊரில் இருக்கிற அவளுடைய அக்காதான் முதல் வாசகி. முன்பெல்லாம் இவர்கள் போனில் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கி வழியும். பதிவு தொடங்கிய பிறகு பேச்சு தேய்ந்துபோனது. சண்டையெல்லாம் இல்லை. தங்கை வீட்டுச் சமாச்சாரம் வாராவாரம் படத்தோடு வருகிறது, தனியாகக் கேட்க என்ன இருக்கிறது? ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு அக்கா தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

இந்த வருஷம் என் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றார் டாக்டர். நான் வழியெல்லாம் அதையே புலம்பிக்கொண்டு வந்தேன். இவளோ வீட்டுக்கு வந்ததும் கேமராவைத் தூக்கினாள். ஆஸ்பத்திரியில் இருக்கப்போகிற வாரங்களுக்கும் சேர்த்துப் பதிவுகளை எழுதி, நாள் குறித்து வைத்தாள். வெள்ளி வந்தால் அவை தாமாகவே வெளியாகிவிடும்.

"அக்காகிட்டயாவது சொல்லலாமே" என்றேன்.

"வேணாங்க. யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

பண்ணித் தொலைத்தேன்.

கட்டியை எடுத்தார்கள். புண் ஆறத் தாமதமானதால் வீட்டுக்கு விடவில்லை. பரிசோதனை முடிவும் வரவில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுத்துக்கட்டோடு வராந்தாவில் நடப்பாள், வந்து படுப்பாள், தலையணையைத் திருப்புவாள், போனை எடுப்பாள், வைப்பாள். நான் லிப்ட் பழுது பார்க்கிறவன். அந்த ஆஸ்பத்திரி லிப்ட் ஒவ்வொரு மாடியிலும் கிறீச்சிடுவதைக் கேட்டுக் கேட்டு என் கை திருப்புளிக்குப் பரபரத்தது. சும்மா உட்கார்ந்து பயப்படுவதைவிட எந்த வேலையும் மேல்.

வெள்ளிக்கிழமை பதிவு டாண் என்று வெளியானது. ஏரிக்கரையில் நடை, புதுக் காலணி, முகம் நிறையச் சிரிப்பு. கீழே அக்கா எழுதியிருந்தாள்: "கொடுத்து வச்சவடி நீ."

அதைப் படித்துவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"எப்படி இருக்கேன்னு ஒருத்தர்கூடக் கேக்கலைங்க."

"ஏரிக்கரையில ஜம்முனு நடக்கிறவளை என்னன்னு கேப்பாங்க?"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் தோள் குலுங்கியது. "பயமா இருக்குங்க. அக்கா பக்கத்துல இருந்தா தேவலை."

"கூப்பிடறேன் இரு."

"கூடாது! இத்தனை வருஷம் சிரிச்சுட்டு, இப்ப எந்த மூஞ்சியோட அழறது?"

இப்படியும் ஒரு பிடிவாதம் உண்டா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த வாரம் முழுக்க வராந்தாவில் நடப்பது என் முறையாகிவிட்டது. வியாழக்கிழமை மத்தியானம் அவள் கண்ணயர்ந்தபோது அவளுடைய போனைத் திறந்தேன். மறுநாள் வர வேண்டிய பதிவு தயாராகக் காத்திருந்தது: பூந்தொட்டிகளுக்கு நடுவே, மண் ஒட்டிய கையோடு, மறுபடியும் அதே சிரிப்பு. நின்றுபோனதை ஓட வைக்கத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு ஓடுகிறதை நிறுத்தினேன். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பதிவு வரவில்லை. அவள் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. அக்கா.

"ஏண்டி, என்னடி ஆச்சு உனக்கு? வெள்ளிக்கிழமை அதுவுமா ஒண்ணையும் காணோம்! காலையிலேர்ந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உடம்புக்கு ஏதாவதா? சொல்லித் தொலையேன்!"

"ஒண்ணுமில்லக்கா" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் முடியவில்லை. கட்டியையும் கத்தியையும் வராத முடிவையும் அழுதுகொண்டே கொட்டினாள். அக்கா அந்தப் பக்கம் திட்டுவதும் அழுவதும் எனக்கே கேட்டது. "அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பறேன். வேணாம் கீணாம்னு சொன்னே, பல்லைப் பேத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

என் மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது.

"நீங்கதானே நிறுத்தினீங்க?"

"ஆமாம்."

போனை என்னிடம் நீட்டினாள்.

"மிச்சம் இருக்கிறதையும் எடுத்துடுங்க. அதுல எல்லாத்துலயும் நான் நல்லா இருக்கேன்."