வடிகாலில் விழுந்த மரங்கள்

புயல் போன நாலாம் நாள் அம்சத்தின் திடலில் விழுந்த மரம் என்று ஒன்றுகூடக் கிடக்கவில்லை. அவள் செய்த தவறு அதுதான்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையில், கடல்காற்று உப்போடு வந்து சேர்கிற தூரத்தில் அவளுடைய ஊர். வயல்களைவிட இடுப்பளவு உயரமான மேட்டுத் துண்டு, மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். நெல்லுக்கு ஆகாத திடல் என்பதால்தான் அவள் கைக்கும் புருஷன் சாமிதுரை கைக்கும் அது எட்டியது. அதுவரை இருவரும் அடுத்தவர் வயலில் குனிந்தே கிடந்தவர்கள். இரண்டு கோடைக்குக் குளத்திலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து அறுபத்தெட்டுத் தென்னை வைத்தார்கள். எட்டாம் வருஷம் காய்ப்பு நிலைத்ததும் அம்சம் நடவுக்குப் போவதை நிறுத்தினாள். விடியற்காலையில் நடவுக்கு ஆள் கூப்பிட வருகிறவள் அவள் வாசலில் நிற்காமல் தாண்டிப் போனாள். அம்சம் வாழ்க்கையில் அடைந்த பதவி அது ஒன்றுதான். சாமிதுரை மஞ்சள்காமாலையில் போன பிறகும், ஒரே மகள் செம்மொழி கல்யாணமாகித் திருப்பூர் போன பிறகும், அந்தப் பதவியை மரங்கள் காப்பாற்றின. மொத்தம் பதினேழு வருஷம்.

ஐப்பசி கடைசி நாள் கஜா வந்தது. விடிந்தபோது ஏழு மரங்கள் நின்றன. அறுபத்தொன்று ஒரே பக்கமாகத் தலைவைத்துப் படுத்திருந்தன. அதில் பத்தொன்பது திடலை ஒட்டிப் போகும் வடிகாலுக்குக் குறுக்கே கிடந்தன.

மேலே இருக்கிற வயல்களின் தண்ணீரெல்லாம் அந்த வடிகால் வழியாகத்தான் இறங்க வேண்டும். சம்பாப் பயிர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. யாருடைய மரம் வடிகாலில் விழுகிறதோ அவரே எடுக்க வேண்டும், பயிர் மூழ்குமுன் எடுக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். எழுத்தில் கிடையாது. எடுக்காதவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வராது, அவ்வளவுதான்.

முதலில் வந்தவன் இனியவன், சாமிதுரையின் அக்கா மகன். வடிகாலுக்கு மேலே ஒன்பது மா வைத்திருந்தான்.

"அத்தை, பயிரு நாலு நாளு தாங்கும். அஞ்சாவது நாளு அழுவிடும்."

"என் மரம் போனது ஒனக்குத் தெரியலயாடா?"

"தெரியுது அத்தை. மரம் போயிடிச்சி. பயிரு இன்னும் போவல."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மறுநாள் தஞ்சாவூரிலிருந்து நாகேஸ்வரன் சார் வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். ஊரில் பழைய நிலக்காரக் குடும்பம், மிச்சம் இருந்தது பதினைந்து மா. குடையோடு கரையில் நின்று, "அம்சம், ஒன்ன நம்பித்தான் இருக்கு" என்றார். அந்தக் குடும்பத்தில் ஒருவர் அவளை நம்பி இருப்பதாகச் சொன்னது அதுவே முதல் தடவை. அவளுக்கு அது கொஞ்சம் தலைக்கேறியது என்றுகூடச் சொல்லலாம்.

மரம் அறுக்கும் மிஷினுக்கு அந்த வாரம் ஊருக்கு ஊர் அடிதடி. காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்து மிஷினையும் ஜேசிபியையும் கொண்டுவந்தாள். ஜேசிபிக்காரன் மறுபடி வரமாட்டேன் என்றான். அழுகும் தென்னையில் காண்டாமிருக வண்டு சேரும், சேர்ந்தால் நிற்கிற ஏழும் போய்விடும். அதனால் வடிகாலில் கிடந்ததோடு நிறுத்தாமல் திடலில் கிடந்ததையும் துண்டு போட்டுச் செங்கல் சூளை லாரியில் சும்மா ஏற்றிவிட்டாள். வேரைப் பிடுங்கிக் குழியைத் தூர்த்தாள். கரண்ட் இல்லாமல் போன் செத்துக் கிடந்தது, படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. செத்தவர்களை அடக்கம் செய்துவிட்டுத்தானே மற்ற வேலை.

நாலாம் நாள் சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. பயிர் தலை தூக்கியது. இனியவன், "அத்தை, ஒங்க கையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும்" என்றான்.

பன்னிரண்டாம் நாள் மரக் கணக்கு எடுக்க வந்தார்கள். மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் அறிவித்திருந்தார்கள். அது வந்தால் கன்று வாங்கி வைக்கலாம், காய்க்கும் வரை ஆடு வளர்த்து ஓட்டிவிடலாம், யார் வயலிலும் இறங்க வேண்டாம். அம்சம் ரேஷன் கார்டு, ஆதார், பட்டா எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு திடலில் காத்திருந்தாள்.

வந்த அதிகாரிக்கு வயது முப்பது இருக்கும். சுற்றிப் பார்த்தார்.

"மரம் எங்கம்மா?"

"விழுந்திடிச்சிங்க."

"விழுந்த மரம் எங்க?"

"வெட்டிட்டேங்க. தண்ணி வடியணுமில்ல."

"விழுந்த மரத்துக்குப் பக்கத்துல நீங்க நிக்கிற மாதிரி போட்டோ வேணும். இங்க ஏழு மரம் நிக்கிது. நிக்கிற மரத்துக்கு எப்படிம்மா எழுதறது?"

"அறுவத்தொண்ணுங்க. ஊர்ல யாரை வேணா கேளுங்க."

அவர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். வடிகாலை ஒட்டிய பட்டாதாரர்கள் ஐந்து பேர், இன்ன தேதியில் இவர் மரத்தை அகற்றித் தண்ணீரை வடியவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும், மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். அம்சத்துக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தென்ன, ஐம்பது வாங்கலாம்.

இனியவன் காகிதத்தை வாங்கிப் படித்தான். இன்னொரு தடவை படித்தான்.

"அத்தை, இதுல நாலாம் நாளு தண்ணி வடிஞ்சிதுன்னு இருக்கு."

"வடிஞ்சுதேடா. நீதான ஒத்திக்கிறேன்னு நின்ன."

"வடிஞ்சிது. ஆனா நேத்துப் பயிர்க் கணக்கு ரோட்டுலேர்ந்தே எழுதிட்டுப் போயிட்டாங்க. பத்து நாளு தண்ணி நின்னு மொத்தமும் அழுவிடிச்சின்னு எல்லாரும் எழுதிக் குடுத்திருக்கோம். இதுல நான் கையெழுத்துப் போட்டா அது என்ன ஆவும்?"

"அழுவலையேடா. பச்சப்பசேல்னு நிக்கிதே."

"அது ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கணக்குல அழுவிடிச்சி அத்தை."

"தேதி போடாம எழுதிக் குடு."

"அவரு தேதியத்தான கேக்குறாரு."

நாகேஸ்வரன் சார் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார். காகிதத்தை மடித்துத் திருப்பித் தந்தார்.

"அம்சம், நான் முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவன். ரெண்டு எடத்துல ரெண்டு விதமா எழுதக் கூடாதில்லையா?"

அவள் காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். கழுவி வைத்தோமே என்று வழியெல்லாம் தன்மேல் எரிச்சலாக இருந்தது.

மற்ற வீடுகளில் இதையே வேறு வேறு மரியாதையில் சொன்னார்கள். ஒருத்தி, "நீ ஏன்டி அவசரப்பட்டே?" என்று கேட்டாள். அவள் வயலும் அந்த அவசரத்தில் பிழைத்ததுதான்.

கையெழுத்துப் போட்டவன் ஒருவன்தான். வளவன். நாகேஸ்வரன் சார் நிலத்தில் கடைசி மூன்று மாவைக் குத்தகைக்கு உழுகிறவன்.

"குடுங்கக்கா. சார் நெலத்துக்கு நிவாரணம் சாருக்குத்தான் போவுது. எனக்குக் காசும் கெடையாது, பொய்யும் கெடையாது."

அதிகாரி அந்தக் காகிதத்தைப் பார்த்தார். "பட்டா நம்பர் எங்க?" என்றார். இல்லை. "இவர் கையெழுத்து செல்லாதும்மா. மத்த நாலு பேர்?" அம்சம் காகிதத்தை மடித்துப் பையில் போட்டாள். மற்றவர்கள் ஏன் போடவில்லை என்று சொன்னால் ஊருக்கே காசு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்லாமல் விட்டது நல்ல மனசா பயமா என்று அவளால் பின்னால்கூடப் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் நிவாரணப் பட்டியல் ஒட்டினார்கள். கிழக்குத் தெருவில் ஒருவர் கொல்லையில் கிடந்த பதினோரு மரத்தைத் தொடாமல் கறையான் ஏற விட்டிருந்தார். பதினோரு மரத்துக்கும் வந்தது. அம்சத்தின் பெயர் இல்லை. செம்மொழி போனில், "இங்க வந்துடும்மா" என்றாள். "வந்து?" என்றாள் அம்சம்.

கார்த்திகை முடிகிற சமயம் ஆள் கூப்பிடுகிறவள் வாசலில் நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு, "களைக்கு வர்றீங்களாக்கா?" என்றாள்.

"யாரு வயலு?"

"இனியவன் வயலு."

"அழுவின பயிருக்கு என்னடி களை?"

ஆனாலும் போனாள். பதினேழு வருஷத்துக்குப் பிறகு முதுகு மடங்க மறுத்தது. வரப்பில் நின்ற இனியவனைப் பார்த்து, "செத்த பயிரு நல்லா தூர் கட்டியிருக்குடா" என்றாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

"அத்தை, சத்தமா பேசாதீங்க."

தை மாதம் செத்த பயிரை மிஷின் அறுத்தது. மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்குப் போயின.

இரண்டு வருஷம் கழித்து, கார்த்திகையில், புரெவி புயல். காற்று அவ்வளவு இல்லை, மழைதான் விடவில்லை. மண் இளகி, நின்ற ஏழில் இரண்டு வடிகாலில் சாய்ந்தன. கூடவே குப்பையும் ஆகாயத்தாமரையும் வந்து அடைத்துக்கொண்டன.

அம்சம் குடையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

இனியவன் ஓடிவந்தான். "அத்தை, கதிர் வர்ற நேரம்!"

"ஆபீசர் வரட்டும். போட்டோ எடுக்கட்டும். அப்பறம் எடுக்கிறேன்."

"ஊரு வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருந்திச்சி. போன தடவ அதைத்தான் அறுத்து சூளைக்கு அனுப்புனேன்."

வழக்கத்தை விட்டு அடுத்தவர் மரத்தில் கைவைக்க அவனுக்கும் துணிவில்லை. மீறி வெட்டினால் அவள் மேலே எழுதுவாள், எழுதினால் பழைய கதையும் கிளம்பும். நாகேஸ்வரன் சார் தஞ்சாவூரிலிருந்து போன் செய்தார். "சார், ரெண்டு தடவைக்கு ரெண்டு விதமா நடந்துக்க எனக்குத் தெரியாதுங்க, இந்தத் தடவதான் பழகுறேன்" என்று வைத்துவிட்டாள். அன்று சாப்பாடு ருசித்தது. மூன்று நாள் வடிகால் கரையில் நின்று ஒவ்வொரு வயலாகப் பார்த்தாள். இனியவன் வயலில் கதிர் பாதி மூழ்கியது. "ஏன்டி அவசரப்பட்டே" என்று கேட்டவள் வயலில் வரப்பே தெரியவில்லை.

மூன்றாம் நாள் மதியம் வடிகாலில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. வளவன். மார்பளவு தண்ணீரில், தலைக்கு மேல் கோடாலியைப் பிடித்துக்கொண்டு மரத்தருகில் வந்து நின்றான். வெட்டவில்லை. மேலே பார்த்தான்.

"போட்டோ எடுத்துட்டீங்களாக்கா?"

அவள் அவன் வயலிருந்த பக்கம் திரும்பினாள். இருப்பதிலேயே பள்ளமானது அது. முதல் நாளே மூழ்கியிருக்க வேண்டும். மூன்று நாளும் அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பட்டா இருக்கிறவர்கள் வயலை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எடுக்கலடா."

"அப்ப வந்து நில்லுங்க. நான் எடுக்கிறேன். அப்பறம் வெட்டிடுவோம்."

கோடாலியை மரத்தில் கொத்தி நிறுத்திவிட்டு, சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்த போனை எடுத்துத் துடைத்தான். அம்சம் சரிவில் இறங்கி, சாய்ந்த மரத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். மரம் வழுவழுவென்று குளிர்ந்திருந்தது.

"நேரா பாருங்கக்கா. மரமும் தெரியணும், மூஞ்சியும் தெரியணும்."

"எத்தன நாளாடா ஒன் வயலு முழுவிக் கெடக்கு?"

"அசையாதீங்க" என்றான் அவன்.

படம் எடுத்ததும் போனை அவளிடம் கொடுத்துவிட்டுக் கோடாலியைப் பிடுங்கினான். சாயங்காலத்துக்குள் வடிகால் திறந்துகொண்டது. முதலில் தலை தூக்கியது இனியவன் வயல். பிறகு வரிசையாக மற்றவை. வளவன் வயலிலும் தண்ணீர் இறங்கியது. இறங்கிய பிறகுதான், கதிர்கள் கறுத்துச் சேற்றில் படிந்து கிடப்பது தெரிந்தது.

அந்த இரண்டு மரத்தைக் கணக்கெடுக்க எந்த ஆபீசரும் வரவில்லை. படம் இன்னும் வளவன் போனில் இருக்கிறது. அதில் அம்சம் தெளிவாக விழுந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, அவன் வயல்.