கிளறன்ஸ் ஐயாவின் எஞ்சினுக்கு ஊத்தை பூசியவர்

கண்டி திருகோணமலை வீதியில் மத்தியாஸ் பெயர்ப்பலகை எழுதும் கடை வைத்திருந்தார். பக்கத்து அறையில் நான் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். அவர் டர்பன்டைன் போத்தலைத் திறந்தால் எனக்குத் தலை வலிக்கும். நான் மெஷினை மிதித்தால் தன்னுடைய கோடு கோணலாகிறது என்பார் அவர். கோணல் மெஷினில் இல்லை, உங்கள் கையில்தான் என்பேன் நான். எங்கள் சிநேகம் இப்படித்தான் வளர்ந்தது.

மற்றப் பெயின்டர்கள் பலகையை மாட்டிவிட்டு அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். இவர் ஒரு மழைக்காலம் கழிந்ததும் போய், தான் எழுதிய பலகையின் கீழ் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஆணியிலிருந்து துரு எப்படி வழிந்திருக்கிறது, மழை எந்தப் பக்கம் சாய்ந்து அடித்திருக்கிறது, வெயில் சிவப்பை முதலில் தின்றதா நீலத்தையா என்று ஆராய்ச்சி. பலகை இப்படி வெளுத்துப் போச்சே என்று கடைக்காரர் சண்டைக்கு வந்தால், இவர் பல்லைக் காட்டிக்கொண்டு, "ஆமாங்க, எவ்வளவு அழகா வெளுத்திருக்கு பாருங்க" என்பார். இப்படிப்பட்ட ஆளிடம் வியாபாரம் எங்கே தங்கும்?

தேயிலை விலை விழுந்த காலத்தில் ஹேவாஹெட்டப் பக்கத்துத் துரை ஒருவர் தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போனார். அவருடைய வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. பழைய சாமான் கடை பஹ்மி நானா வாங்கி வந்த பெட்டி ஒன்றில், துரையின் பிள்ளைகள் விளையாடிய தகர ரயில் ஒன்று கிடந்தது. ஓர் எஞ்சின், சில கூட்ஸ் பெட்டிகள். சிவப்பும் பச்சையுமாக மினுமினுவென்று இருந்தன. மத்தியாஸ் ஒரு பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கயுமே போகாத ரயில், இருளப்பா" என்றார்.

விளையாட்டுச் சாமான் பிறகு எங்கே போகும் என்று கேட்டேன். பெட்டியோடு அத்தனையையும் விலைக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு.

தகரத்தின் மினுக்கத்தை மணல் காகிதத்தால் தேய்த்துப் போக்கினார். ஊசி முனையில் கெட்டிப் பெயின்டைத் தொட்டுப் புள்ளி புள்ளியாக வைத்தார். காய்ந்ததும் அவை தகட்டில் அறைந்த ஆணிக் கொண்டைகளாகிவிட்டன. அதன் மேல் சிம்னி விளக்கின் கரி, செங்கல் தூள், அடுப்புச் சாம்பல், தேயிலைச் சாயம். பூசிய பிறகு டர்பன்டைன் நனைத்த துணியால் மேலிருந்து கீழாக மட்டும் இழுப்பார். மழை மேலே ஏறுவதில்லையாம். சக்கரத்தின் பக்கம் மட்டும் செம்பழுப்பு, ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது பறக்கிற இரும்புத் தூள் அங்கேதான் படியும். தேயிலைப் பெட்டிகளை இழுத்து இழுத்துக் கதவின் அடிவிளிம்பில் பெயின்ட் போயிருக்கும், அதையும் சுரண்டினார். ஊர்ப் பெயரைச் சோக்கட்டியால் எழுதிப் பாதி அழித்தும் வைத்தார். கடைசியில் பார்த்தால், பேராதனைச் சந்தியில் மழையில் நனைந்து நிற்கிற பெட்டியைச் சுருக்கி என் கட்டிங் மேசையில் வைத்த மாதிரி இருந்தது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

பஹ்மி நானா வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "யா அல்லாஹ்! நல்ல சாமானொண்ட வாங்கிட்டுப் போய் இப்படி ஊத்தையாக்கி வெச்சீக்கீங்களே!"

அன்றிலிருந்து வீதியில் அவருக்கு 'ஊத்தை மத்தியாஸ்' என்று பெயர் விழுந்தது.

சிரிக்காதவள் யோசப்பின் ஒருத்திதான். சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிற பெண். ஒவ்வொரு கிழமையும் கெலிஓயாவிலிருந்து ரயிலில் வந்து, தைத்ததைத் தந்துவிட்டுப் புதிய துணியை வாங்கிப் போவாள். அவளுடைய தகப்பன் கிளறன்ஸ் ஐயா கண்டிக்கும் நாவலப்பிட்டிக்கும் இடையில் எஞ்சின் ஓட்டுகிறவர். தடுப்பின் இடுக்கு வழியாக அந்தப் பெட்டிகளைப் பார்த்து, "அப்பாட சட்டை வாசம் வருது" என்றாள். அவ்வளவுதான், நம்ம ஆள் விழுந்துவிட்டார். பிறகு சட்டைகளை எண்ணி வாங்க எனக்கு ஒருநாளும் ஆகாத நேரம் அவளுக்குக் கடையில் ஆகத் தொடங்கியது.

ஆனால் கிளறன்ஸ் ஐயா பெண்ணுக்குக் கொழும்பில் தபால் கந்தோரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்து பிறந்த நத்தார் பண்டிகையோடு அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு. அதற்கு முன் வாக்குக் கொடுத்துவிடுவார்.

"வந்து கேளுங்க" என்றாள் யோசப்பின் மத்தியாஸிடம், கண் கலங்கி. "அவரு வாக்குக் கொடுத்துட்டா பிறகு மாத்த மாட்டாரு."

பூ, பழம், சீமை பிஸ்கட் என்று போகிற வழியை விட்டுவிட்டு, மத்தியாஸ் கிளறன்ஸ் ஐயாவின் எஞ்சினையே செய்துகொண்டு போவதென்று தீர்மானித்தார். தகர எஞ்சினை அறுத்து, புகைபோக்கியை உயர்த்தி, கறுப்பு அடித்தார். ஞாயிறு பூசை முடிந்தால் நேரே கண்டி ஸ்டேஷன் மேடைக்கு ஓடுவார். கடைசி முறை எஞ்சினின் கிட்டவே போய் நின்று, கறையைக் கறையாகப் பார்த்துவிட்டு வந்து பூசினார். எஞ்சினைப் பார்த்த கண் அதை ஓட்டியவரைப் பார்க்கவில்லை.

தாய் தகப்பன் இல்லாதவர். பெண் கேட்க என்னைத்தான் கூட்டிப் போனார். கோயிலுக்குப் போகிறவன் நான், வேதக்காரர் வீட்டில் எனக்கு என்ன பேச்சு வரும்? இருந்தாலும் போனேன்.

கெலிஓயா வீட்டில் கதிரை, மேசை, மாதா படம் எல்லாம் துடைத்து வைத்தது போலிருந்தன. கிளறன்ஸ் ஐயா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். கரியோடு புழங்குகிறவருடைய நகம் அவ்வளவு வெளுப்பாக இருந்ததை நான் கவனித்தேன். மத்தியாஸ் துணியை அவிழ்த்து எஞ்சினை மேசையில் வைத்தார். ஐயா குனிந்தார். முகம் மலர்ந்தது. மனைவி கத்தரீனாவைக் கூப்பிட்டார். சரி, காரியம் பழம் என்று நினைத்தேன்.

அவருடைய விரல் கொதிகலனின் பக்கத்தில் வழிந்திருந்த வெள்ளைக் கோட்டில் வந்து நின்றது.

"இது என்ன தம்பி?"

"சுண்ணாம்புக் கறைங்க ஐயா. மேலேருந்து தண்ணி வழிஞ்சு காஞ்சது. எஞ்சின்ல பாத்ததுதான்."

"பாய்லர்ல தண்ணிய அளவுக்கு மேல நிரப்பினா, ஆவியோட சேந்து கக்கும். கக்கினா இப்படித்தான் வழியும்." குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வேலை தெரியாதவன் ஓட்டுற எஞ்சினுக்குத்தான் இந்தக் கோடு விழும். முப்பது வருஷத்துல என் கையில எஞ்சின் ஒரு நாள் கக்கினதில்ல. எப்ப பாத்தீங்க?"

"போன ஞாயித்துக்கெழமைங்க."

"போன கெழமை முழுக்க நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன். வேற ஆளுதான் ஓட்டினான்."

மத்தியாஸின் முகத்தில் ஈயாடவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை! ஒரு மனுஷனுடைய ஆயுள் உழைப்பை, அவன் வராத வாரத்தில் போய்ப் பார்த்து, அவன் வீட்டு மேசையிலேயே கொண்டுவந்து வைத்தாயிற்று. பின்னாளில் எந்தக் கறையைப் பூசுவதற்கு முன்னும், "இது யாரு வெச்ச கறை?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். அந்தக் கேள்வி பிறந்தது அந்தக் கதிரையில்தான்.

"யோசப்பினுக்குக் கொழும்புல பேசியாச்சு" என்றார் ஐயா. உள்ளே திரைச்சீலை அசைந்தது. அழுகையை விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஐயாவுக்கும் கேட்டிருக்கும்.

அவர் மண்ணெண்ணெயும் பழந்துணியும் கேட்டார். கத்தரீனாம்மா தயங்கித் தயங்கிக் கொண்டுவந்து வைத்தார்.

"துடைங்க ஐயா" என்றார் மத்தியாஸ். "அது உங்க கறை இல்ல."

வெள்ளைக் கோடு ஒரே இழுப்பில் போனது. ஐயா நிறுத்தவில்லை. புகைபோக்கியின் கரி, சக்கரத்துத் துரு, படியின் சேறு என்று எல்லாவற்றையும் துடைத்தார். முப்பது வருஷம் வேலை முடிந்து இறங்கும்போதெல்லாம் துடைத்த கை, அதற்கு வேறு என்ன தெரியும்? மாதக்கணக்கில் செய்த வேலை ஒரு கந்தைத் துணியில் போய்க்கொண்டிருந்தது. மத்தியாஸ் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தார்.

ஓட்டுநர் நிற்கிற இடத்தின் ஜன்னல் விளிம்புக்குத் துணி வந்தது. ஐயா அழுத்தித் துடைத்தார். அங்கே ஒரு சிறு இடம் மட்டும் கறுப்பில்லாமல் வெறும் இரும்பாகப் பளபளத்தது. மறுபடி துடைத்தார். அது போகவில்லை.

"இந்த இடத்துல பெயின்ட் அடிக்கலையா?"

"அடிச்சுச் சுரண்டிட்டேங்க. மேல பென்சில் கரி தேச்சிருக்கு." மத்தியாஸின் குரல் தாழ்ந்திருந்தது. "அது உங்க முழங்கைங்க ஐயா. ஸ்டேஷனுக்குள்ள வரும்போது அதுலதான் கை ஊண்டி எட்டிப் பாப்பீங்க. எத்தனை தடவை பாத்திருப்பேன். எஞ்சின்ல அந்த இடத்துல மட்டும் பெயின்ட் நிக்கிறதில்ல."

ஐயா தன் சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டினார். முழங்கையில் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. அதைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார்.

"பண்டிகைக்குப் பிறகு எஞ்சின் வேர்க்‌ஷாப்புக்குப் போகுது" என்றார், யாரையும் பார்க்காமல். "புதுப் பெயின்ட் அடிச்சு வேற ஆளுக்குக் குடுப்பாங்க."

கத்தரீனாம்மா கிட்டே வந்து நின்றார். ஐயா துணியைக் கீழே போட்டுவிட்டு, தன்னுடைய வெளுத்த நகத்தால் அந்தப் பளபளப்பான இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"பாரு கத்தரீனா. இது நான்."

பிறகு உள்பக்கம் திரும்பி, "யோசப்பின், வெளிய வந்து உக்காரு. கொழும்புக்கு வேண்டாம்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார்.