மலை ஏறிய பாரோமீட்டர்

சித்தூர்ப் பழைய சாமான் கடையில் வாங்கிய, காற்றழுத்தம் பார்த்து வானிலை சொல்லும் பாக்கெட் பாரோமீட்டர் சட்டைப் பையில் இருந்தவரை நான் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. விக்டோரியா ராணி காலத்துப் பித்தளை. உள்ளே காற்றை உறிஞ்சி மூடிய சின்னத் தகட்டு டப்பி, அதில் தலைமயிர் கனத்தில் ஒரு சங்கிலி. வெளிக்காற்று டப்பியை அமுக்கும்போதும் விடும்போதும், ஆங்கிலத்தில் செதுக்கிய வெயில், மழை, புயல் என்ற எழுத்துகளின் மேல் நீல முள் நகரும்.

அன்று புத்தூரில் எங்கள் மாடியில் விதைக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. நனைந்தால் அடுத்த விதைப்பு இல்லை. நான் வேலையாகத் திருப்பதியில் மலை பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு எடுத்துப் பார்த்தேன். முள் இறங்கிக்கொண்டே போய், திருமலையில் புயலையும் தாண்டி நின்றது. மனைவிக்குப் போன் செய்தேன்.

"கடலைய வாரி உள்ள போடு. புயல் வருது."

"இங்க வெயில் மண்டைய பொளக்குதே."

"சொன்னா கேளு."

அவள் தனியாக ஆறு மூட்டை கட்டி இறக்கினாள்.

சாயங்காலம் பஸ் இறங்க இறங்க முள் வெயிலுக்கே திரும்பியது. அப்போதுதான் வட்டத்தின் விளிம்பில் சுழலும் வளையத்தைக் கவனித்தேன். மலை ஏறினால் காற்று லேசாகும், முள் தானாக இறங்கும். அதற்காகவே அந்தக் கைவினைஞன் வளையத்தில் உயரக் கணக்கைப் பொறித்திருந்தான். நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா, உன் புயல் பஸ்ஸ வுட்டுடுச்சா?"

விடிந்ததும் கடலையை மறுபடி காயப்போட ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றி மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது.