வோக்கி அறைக் கணினி

குருநகரில் பிறந்தும் கடலுக்குப் போகாத ஆம்பிளை என்றால் ஜெரிசனைத்தான் காட்டுவார்கள். தகப்பனோடு போன ஒவ்வொரு தரமும் குடல் வெளியே வருமட்டும் சத்தி எடுத்தான். "உவன் தரையிலையே கிடந்து பிழைக்கட்டும்" என்று தகப்பன் கைகழுவி விட்டார். பிறகு கணினி படித்து, கடற்றொழிலாளர் சங்கத்தின் வோக்கி அறையில் வேலைக்குச் சேர்ந்தான். கடலில் நிற்கும் படகுகள் வோக்கிடோக்கி வழியாகக் கரையோடு கதைக்கும் அறை அது. கதைப்பதெல்லாம் கணினியில் பதிவாகும். கடல் ஒத்துக்கொள்ளாதவன்தான் எங்களுக்குக் காது என்று பகிடி பண்ணுவார்கள். அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

பதிவு செய்யும் மென்பொருள் மெத்தப் பழசு. பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் புதுக் கணினிக்குள்ளேயே இன்னொரு பழைய கணினியை உண்டாக்கி, அதற்குள் அதை ஓடவிட்டிருந்தான். வேர்ச்சுவல் மெஷின் என்பான். சங்கத்தாருக்கு அது வாயில் நுழையாது, 'உள்கணினி' என்பார்கள். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, உள்கணினியை நிறுத்தி, முழுசாக வெளி ஹாட்டிஸ்க்கில் பிரதி எடுப்பான். பின்னேரம்தான் திரும்ப ஓடவிடுவான். ஞாயிற்றுக்கிழமை குருநகரில் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. ஆகவே அன்றைக்குக் கேட்க ஒன்றுமில்லை என்பது அவனுடைய நினைப்பு.

ஒரு ஞாயிறு, நண்டுத் தொழில் செய்யும் அடைக்கலநாதன் கடலுக்குப் போனார். இஞ்சின் பழுதானதால் அவருடைய நண்டு வலை எடுக்கப்படாமல் கடலில் கிடந்தது. இன்னும் கிடந்தால் நண்டு செத்து நாறும். இஞ்சின் சரிவந்ததும் தனியே வெளிக்கிட்டார். படகு எழுவைதீவுப் பக்கம் வெறுமையாக மிதந்தது. உடல் கிடைக்கவில்லை. ஓய்வுநாளில் போனால் உப்பிடித்தான் என்று சிலதுகள் வாய் கூசாமல் சொல்லின. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சோறு போட்டிருக்காதவர்களின் வாய்கள்! மனம் வெறுத்துத் தானாகவே குதித்துவிட்டார் என்று அதைவிடக் கேவலமான கதையும் எழும்பியது. மனைவி மேர்சியை அந்தக் கதைதான் தின்றது.

அப்போதுதான் காங்கேசன்துறைச் சிவரூபன் துக்கம் விசாரிக்க வந்தான். அன்றைக்குக் கடலில் நின்றவன்.

"அக்கா, 'குருநகர், குருநகர்' எண்டு ஒருதர் வோக்கியிலை கூப்பிட்டவர். காலமை, வெயில் ஏறேக்குள்ளை. ஒரே இரைச்சல். மிச்சம் எனக்கு விளங்கேல்லை."

அன்றைக்குக் கடலில் நின்ற குருநகர்ப் படகு ஒன்றே ஒன்றுதான். கூப்பிட்டவர் தானாகக் குதிக்கவில்லை என்று ஊருக்குக் காட்ட அந்தப் பதிவு வேண்டி, மேர்சி நேரே ஜெரிசனிடம் வந்தாள். அந்த ஞாயிறுக்கு மற்ற நாள் விழுந்த இடியில் கணினி பழுதாகிப் படுத்திருந்தது.

"வெளி ஹாட்டிஸ்க்கிலை பிரதி இருக்கக்கா. பாப்பம்," என்றான்.

சொல்லும்போதே அந்த ஞாயிறை நினைத்துப் பார்த்தான். வழமையாகப் பூசை முடிந்துதான் நிறுத்துவான். அப்படியென்றால் காலைக் கூப்பாடு பிரதியில் இருக்கவேண்டும். ஆனால் அந்த ஞாயிறு தமக்கையின் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். விருந்துக்குப் போகும் அவசரத்தில் முந்தியே நிறுத்தினானா? நினைவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

புது டிஸ்க் போட்டு, விண்டோஸைத் திரும்ப ஏற்றி, உள்கணினியை நடத்தும் மென்பொருளையும் ஏற்றினான். வெளி ஹாட்டிஸ்க்கைக் கொழுவினான். மேர்சி பக்கத்துக் கதிரையில் இருந்து, பிரதி இறங்குவதைக் காட்டித் திரையில் ஊர்ந்துபோகும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரதி இறங்கி முடிந்தும் உள்கணினி எழும்பவில்லை. பழைய இடத்தில் கோப்பைத் தேடி, காணவில்லை என்றது. இடத்தைக் காட்டிக் கொடுத்தான். எழும்பியது.

"வந்திட்டுதோ தம்பி?"

"ஓமக்கா."

பதிவுகளைத் திறந்தான். சனிக்கிழமைப் படகுகள் கரை திரும்பிய பேச்சோடு முடிந்திருந்தது. ஞாயிறு என்று ஒன்றுமே இல்லை. உள்கணினி நிறுத்தப்பட்ட நேரத்தைப் பார்த்தான். பூசை மணி அடிப்பதற்கு முந்திய நேரம்.

ஹாட்டிஸ்க் பழுது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியவராது. ஆனால் அப்படிச் சொன்னால் அவள் இன்னொரு ஹாட்டிஸ்க்கைத் தேடுவாள், இன்னொருவனைத் தேடுவாள், சாகுமட்டும் தேடுவாள்.

"அக்கா, அண்ணையின்ரை குரல் உதுக்குள்ளை இல்லை. அண்டைக்கு நான் பூசைக்கு முதலே நிப்பாட்டிப் போட்டன். அவர் கூப்பிடேக்குள்ளை உது ஓடேல்லை."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அறையிலை ஆரும் இருக்கேல்லையோ?"

"பூட்டிக் கிடந்ததக்கா. நாங்கள் எல்லாரும் கோயிலிலை."

"நானும் கோயிலிலைதான் தம்பி," என்றாள் மேர்சி. "அவர் கரை சேரவேணும் எண்டு மன்றாடிக்கொண்டிருந்தனான்."