மோலி மீனின் குட்டிகள்

எங்கள் வீட்டு மீன் குட்டி போட்டது என்று சொன்னபோது வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. மீன் முட்டைதானே போடும் என்று டீச்சர்கூடச் சிரித்தார். கறுப்பு மோலி குட்டிதான் போடும் என்பது ஏற்காட்டிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற கர்வத்தில் அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

எங்களுக்கு பஜாரில் மளிகைக் கடை. பின்பக்கமே வீடு. அத்தா சேலத்திலிருந்து வாங்கிவந்த மோலி ஜோடியைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, குளிருக்கு அடக்கமாக மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தார். ஒரு காலையில் பார்த்தால் பாசிக்குள் கடுகு கடுகாகக் குட்டிகள். பெற்றவளே அவற்றைத் துரத்தித் துரத்தி விழுங்கிக்கொண்டிருந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது மீனுக்குப் பொருந்தாது போலிருக்கிறது. அலறியடித்துக்கொண்டு டீ வடிகட்டியால் அள்ளி, காலி மிட்டாய் பாட்டிலில் போட்டேன். இருபத்தாறு தேறின.

"இத்தனையவும் எங்க வெச்சு வளக்கறது? தொட்டியிலயே உட்டுரு கண்ணு, பொழைக்கறது பொழைக்கட்டும்" என்றார் அத்தா.

விட்டால் ஒன்றுகூட மிஞ்சாது. வைத்துக்கொண்டால் பாட்டிலுக்குள் மூச்சுமுட்டிச் சாகும். பள்ளிக்கூடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியான மணி அடித்ததும் ஓடிவந்து பாட்டிலைப் பல்புக்குப் பக்கத்தில் நகர்த்துவேன். கரண்ட் போயிருந்தால் போர்வையைச் சுற்றிவைப்பேன்.

இருப்புக் கொள்ளாமல் தவித்தது நான் மட்டுமல்ல. அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம், வயிற்றில் நான்காவது. மடித்த துணியையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அடிவாரத்திலிருந்து பெரியம்மா அந்த வாரத்தில் இரண்டாவது தடவையாக வந்திருந்தார். அவருக்குக் குழந்தை இல்லை. நான் சமையலறைக்குள் போனால் அக்கா தங்கை பேச்சு நின்றுவிடும்.

கடைசியில், ஆளுக்குக் கொஞ்சமாகக் குட்டிகளைக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். பெரியம்மாவிடமும் ஒரு பாட்டிலை நீட்டினேன். "எனக்கு மீனு எதுக்கு சாமி" என்று என் கன்னத்தைத் தடவினார்.

மறுநாள் குட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா இடுப்பைப் பிடித்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதுங்கள எல்லாம் குடுத்துட்டா தாய் மீனு தேடாதா கண்ணு?"

"தேடாதும்மா. எத்தன போட்டோம்னே அதுக்குத் தெரியாது."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நீயே பாரும்மா. எப்பவும்போல சுத்திக்கிட்டுத்தான இருக்குது."

மீன் சாஸ்திரமே கரைத்துக் குடித்தவள் மாதிரி சொன்னேன். அம்மா வெகுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் பெரியம்மா அவனைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். மீன்தான் வேண்டாம் என்றார், தம்பியையாவது வாங்கிக்கொண்டாரே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அம்மா அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து சேலம் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டுக் கடை வாசலுக்கு வந்துவிடுவார். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார்.

"யாரத் தேடறம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரையும் இல்ல கண்ணு" என்று உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு அம்மா கேட்டது மீனைப் பற்றி அல்ல என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. நான் மீனைப் பற்றித்தான் சொன்னேன்.