அப்பா போட்ட இரட்டைப்பின்னல்

மாமாவுக்கு ஆசுப்பத்திரியில் வேலை கிடைத்தபோது எங்கள் குடியேற்றக் கிராமம் முழுவதும் சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. கண்டாவளைப் பக்கத்தில் வயல் செய்து பிழைத்த எங்களுக்கு ஆசுப்பத்திரி என்றால் ஊசி, மருந்து, கட்டு. அம்மாவின் தம்பி கொழும்புக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்றதும் காய்ச்சல்காரரும் வயிற்றுக்குத்துக்காரரும் எங்கள் வாசல் படலையில் வந்து நின்றார்கள். மாமா கையை விரித்தார். தன்னிடம் மருந்து இல்லை, நோயாளிகளுக்கு வேலை கொடுத்துச் செய்விப்பதுதான் தன் வேலை என்றார். படுத்திருக்கிறவனை எழுப்பி வேலை வாங்குகிறவனை யார் மதிப்பார்கள்? படலையில் கூட்டம் அன்றோடு நின்றுபோயிற்று.

அந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. அப்பா ஒரு புது நாம்பன் மாட்டைப் பழக்கக் கொண்டுபோனார். கயிற்றை வலக்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். அது எதைக் கண்டு வெருண்டதோ, ஓடியது. கயிறும் ஓடியது, கயிற்றோடு அப்பாவின் கையும் போயிற்று. எலும்பு உடைந்து, பிளாஸ்டர் போட்டு, ஆறு கிழமை கழித்து வெட்டி எடுத்தபோது விரல்கள் காய்ந்த சுள்ளிபோல விறைத்துக் கிடந்தன. மடங்கவில்லை. அம்மா சோற்றைக் குழைத்துக் கவளம் கவளமாக ஊட்டுவார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பார்.

எங்களுடையது அரசாங்கம் கொடுத்த காணி. காணிக்காரன்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். கோடை விதைப்பான சிறுபோகம் தரிசாகப் போய்விட்டது. மாரி மழையோடு வரும் காலபோகமும் விதைக்காவிட்டால் காணியை வேறு ஆளுக்கு எழுதிவிடுவோம் என்று காணி உத்தியோகத்தர் வந்து சொல்லிவிட்டுப் போனார். யாழ்ப்பாணத்தில் இருந்த ஒரு துண்டையும் சித்தப்பாவுக்கு விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். திரும்பிப் போக இடமில்லை. அப்பாவின் ஐந்து விரல்களும் மடங்கினால் எங்களுக்கு வீடு, மடங்காவிட்டால் தெரு. இது எனக்கும் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூட விடுமுறையில் நானும் அப்பாவோடு பஸ் ஏறி மாமாவின் ஆசுப்பத்திரிக்குப் போனேன். நோயாளர் வாட்டுக்குப் பின்னால், மாமா வேலை செய்விக்கும் நீளமான ஓர் அறை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஒரு கடற்தொழிலாளி, பக்கவாதத்தில் விளங்காமற்போன கையால் வலைக்கண் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு மனிசி சுளகில் பயறும் உழுந்தும் கலந்து கொட்டி வைத்துத் தனித்தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கலந்து கொட்டியது வேறு யாருமில்லை, மாமாதான். எங்கள் மாமா பெரிய ஆட்களை வைத்து விளையாடுகிறார் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கயிறு திரிப்பதில் அப்பா கெட்டிக்காரர் என்று மாமாவுக்குத் தெரியும். ஆகவே ஒரு பிடி தென்னந்தும்பை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தார். அப்பாவின் முகம் கறுத்தது. கயிறு என்ற சாமானை அவர் அந்த விபத்துக்குப் பிறகு தொட்டதில்லை. தும்பைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"தம்பி, என்னைச் சின்னப்பிள்ளை ஆக்காதை. வாற கை வரட்டும், வராட்டில் போகட்டும்."

நான் பேன் கடியில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். மாமா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை சைக்கிளில் வந்து இறங்கியதும் அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, இனி இவளின்ரை தலையை நீ தொடப்படாது. அவிழ்க்கிறதும் அத்தான், பின்னுறதும் அத்தான். சோறும் தீத்தாதை, தானே அள்ளித் தின்னட்டும்."

"உனக்கென்ன விசரே? எங்கையாவது ஆம்பிளை பொம்பிளைப் பிள்ளைக்குத் தலை பின்னுவானோ? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். காணி போனாலும் சனம் சிரிக்கத்தான் போகுது."

அப்பா மறுத்துவிடுவார் என்று நான் நம்பியிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "வா பிள்ளை, இரு" என்றார். மூன்று பிரிதான் கயிற்றுக்கும் பின்னலுக்கும். ஆனாலும் இது கயிறு இல்லை, மகளின் தலை. மாமா அவ்வளவு கெட்டிக்காரர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் என் கஷ்டகாலமும் தொடங்கியது. விடிந்தவுடன் அப்பாவுக்கு முன்னால் குந்த வேண்டும். சீப்பு விழும், எடுப்பார். ஒரு பிரியைப் பிடித்தால் மற்றது நழுவும். ஒரு பின்னல் காதுக்குமேல், மற்றது பிடரியில். வகுப்பில் என்னை "வைக்கோற்புரி" என்றார்கள். வாத்தியாரும் சிரித்தார். அதுதான் பொறுக்க முடியாமற்போயிற்று.

வழியில் பெரியம்மாவின் வீடு இருந்தது. பெரியம்மாவின் மகள் அக்கா தலை பின்னுவதில் பெயர் எடுத்தவர். நான் அழுதுகொண்டு போனேன். அவர் அப்பாவின் பின்னலை ஒரு நிமிடத்தில் உதறி எறிந்துவிட்டு, எண்ணெய் பூசி வழித்தெடுத்துப் பின்னிவிட்டார். நுனியில் ஒரு சிறு மயிர்ப்பிரியைச் சுற்றி இறுக்கி, அதற்குமேல்தான் நாடா கட்டுவார். அப்படிக் கட்டினால் அவிழாது. அது அக்காவின் கைவழக்கம். எங்கள் பக்கத்தில் வேறு யாருக்கும், அம்மாவுக்கும்கூட, அது தெரியாது. பிறகு தினமும் அதே வேலைதான். "ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை" என்று அக்கா சொல்வார். நான் ஏன் சொல்கிறேன்?

பின்னேரம் நேர்த்தியான பின்னலோடு வீட்டுக்குப் போவேன். அம்மா அயலார் வயலிலும் குசினி அடுப்படியிலுமாக அலைந்ததில் கவனிக்கவில்லை. அப்பா பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். ஆம்பிளைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். காலையில் அதை அவிழ்க்க அவருக்கு நெடுநேரம் எடுக்கும். பின்னுவதைவிட அவிழ்ப்பதற்குத்தான் கூடுதலான நேரம் போகும். "கெதியா அவிழுங்கோ அப்பா" என்று நான் சிணுங்குவேன்.

மாமா சனிக்கிழமைகளில் வருவார். அன்று பள்ளிக்கூடம் இல்லாதபடியால் தலையில் இருப்பது அப்பாவின் கோணல் பின்னல். திருப்பித் திருப்பிப் பார்த்து, "பரவாயில்லை" என்பார். ஐப்பசி பிறந்து முதல் மழையும் விழுந்துவிட்ட ஒரு கிழமை, அவர் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் சைக்கிளை நிறுத்தி என்னை மறித்தார். பின்னலைத் தொட்டார், இழுத்துப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியதைக் கண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் மாமா என்னை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய் அம்மாவைக் கூப்பிட்டார்.

"அக்கா! ஒரு மயிர் வெளியில இல்லை, பார்! அத்தானுக்குக் கை வந்திட்டுது. நாளைக்கே கலப்பையைக் கட்டலாம்!"

அம்மா கற்பூரம் கொளுத்தினார். அப்பா என்னை ஒருதரம் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "சரி, பாப்பம்" என்றார் அப்பா.

மறுநாள் அயலெல்லாம் வரம்பில் நின்றது. அப்பா மேழியை வலக்கையால் பிடித்து மாட்டை அதட்டினார். பத்தடி போயிருக்கும். கொழு ஒரு வேரில் தட்டியது. மேழி துள்ளியது. விரல்கள் இறுகவில்லை. அப்பா முகம்குப்புறச் சேற்றில் விழுந்தார். மாடுகள் தங்கள் பாட்டில் கலப்பையை இழுத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குப் போயின.

"அது அப்பா பின்னினதில்லை!" என்று நான் கத்தினேன். "அக்கா பின்னினது! ஒவ்வொரு நாளும் அக்காதான் பின்னினவா!"

அம்மா பூவரசங்கொப்பை முறித்துக்கொண்டு வந்தார். சேற்றிலிருந்து எழும்பிய அப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "பிள்ளையை விடும். பின்னல் சரியில்லை எண்டுதானே அது போனது."

மாமா வரம்பில் குந்தி அப்பாவின் கையைத் தன் மடியில் வைத்துச் சேற்றைத் துடைத்தார். விரல் விரலாக மடக்கிப் பார்த்தார். எனக்கு ஓர் அடியாவது விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

"பிழை என்னில அத்தான். கையைப் பாக்க வேண்டியவன் தலையைப் பாத்தனான்."

பிறகு மாமா லீவு போட்டுவிட்டு, காற்சட்டையை மடித்துவிட்டு, தானே உழுதார். அவர் உழுத சால் என் பழைய பின்னலைவிடக் கோணல். அயலவர்கள் சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் இறங்கி உழுதும் கொடுத்தார்கள். விதை நெல்லை மட்டும், காணிக்காரன் கையால் விழட்டும் என்று, மாமா வேறு ஒருவரிடமும் கொடுக்கவில்லை. அப்பாவின் வலக்கையில் பிடி பிடியாக அள்ளி வைத்தார். அப்பா வீசினார். அரைவாசி காலடியிலேயே விழுந்தது. உத்தியோகத்தர் வந்தபோது வயல் பச்சையாக இருந்தது. அங்கங்கே திட்டுத் திட்டாக அடர்ந்திருந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் அப்பாவின் பின்னலோடே பள்ளிக்கூடம் போனேன். தை மாதத்தில் ஒருநாள் பெரியம்மா வீட்டுப் படலையில் அக்கா என்னை மறித்தார். பின்னலின் நுனியைப் பிடித்துப் பார்த்தார். நாடாவுக்குக் கீழே ஒரு சிறு மயிர்ப்பிரி இறுக்கமாகச் சுற்றியிருந்தது.

"இது என்ரை கட்டெல்லோ? ஆரடி கட்டினது?"

"அப்பா."

"நீ காட்டிக் குடுத்தனியோ?"

இல்லை என்றேன். எனக்குத்தான் பின்னத் தெரியாதே. அக்கா அதிசயப்பட்டு நாடியில் கைவைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அதில் புதினம் ஒன்றும் தெரியவில்லை. கயிறு திரிக்கிறவருக்கு இதெல்லாம் தானாக வரும் என்று நினைத்துக்கொண்டு ஓடிவிட்டேன். அடுத்த காலபோகத்துக்கு அப்பாவே மேழி பிடித்தார். சின்னிவிரல் மட்டும் கடைசிவரைக்கும் மடங்கவில்லை.

வளர்ந்து நானும் மாமாவின் வேலைக்கே போனேன். அதே மாதிரி நீளமான அறை, அதே களிமண், அதே பயறும் உழுந்தும். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் முடிச்சுப் போடக் கொடுக்காமல், வேறு யாரோ போட்ட முடிச்சை அவிழ்க்கக் கொடுப்பது என் பழக்கம். கை சுகமில்லாத ஒரு மனிசி ஒருநாள் அப்படி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, நூலைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார்: "தங்கச்சி, இது நேற்று நான் அவிழ்த்த முடிச்சைப் போட்ட ஆளின்ரை இல்லை. இது வேறை கை."

நான் அவருடைய கையிலிருந்த நூலை வாங்கிப் பார்த்தேன். அக்கா தன் கட்டுப் போட்டுப் பின்னிய ஒவ்வொரு பின்னலையும் மறுநாள் காலையில் அவிழ்த்தவர் அப்பாதான். முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கும். தான் பாடுபட்டுப் போட்டதை வழியில் நான் உதறிவிட்டுப் போகிறேன் என்று தெரிந்துகொண்டே, மற்ற நாளும் சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு, "வா பிள்ளை, இரு" என்று கூப்பிட்டிருக்கிறார்.